ஒரு பெட்டிக்கு ஒரு சிலந்தி

கோலார் தங்கவயலில் பாலகாட், கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் பக்கம் டரான்டுலா வளர்க்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஒரே பெட்டியில் ஐந்தாறு டரான்டுலாக்களைச் சேர்த்து வளர்ப்பதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தால், அடுத்த தோலுரிப்புக்கு முன்னால் பிரித்துவிடுங்கள். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், இதைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

சிலந்தியைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் சொல்லும் புத்திமதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எட்டுக்கால் பூச்சி கண்ணில் பட்டதும் துடைப்பத்தைத் தேடுகிற வீடுகளில், ஒரு பிள்ளை அதற்கு மண் பரப்பி, தண்ணீர்த் தட்டு வைத்து, அது எப்போது தோலுரிக்கும் என்று காத்திருக்கிறதென்றால் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். விடிகாலை ரயிலில் பெங்களூரு போய் இரவு திரும்புகிற அலுப்பிலும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நீங்கள் படுப்பதில்லை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த அக்கறையை நம்பித்தான் எழுதுகிறேன்.

சேர்த்து வளர்ப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்களில் முதலாவது, தனியாக இருந்தால் அதற்குப் பாவம் என்பது. நம் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. மூங்கில் தட்டி வீட்டில், ஒற்றை அறையில், தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒன்றாகப் படுத்து எழுந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். பக்கத்து வீட்டு இருமல் நம் சுவருக்குள் கேட்கும். சுரங்கத்து ஷிஃப்டு முடிந்து அப்பா வந்துவிட்டாரா என்று தொழிலாளர் லைனே விழித்திருக்கும். நெருக்கம் நமக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் அந்த ஒற்றை அறை வாழ்க்கை நடந்ததற்குக் காரணம், யார் எப்போது தூங்க வேண்டும், யாருக்கு முதலில் சோறு, யார் நோயாளி என்று நாம் பேசிப் பேசி ஒழுங்கு செய்துகொண்டதுதான். டரான்டுலாவுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல். கால்களிலும் உடம்பிலும் உள்ள மெல்லிய மயிர்களில் படும் அதிர்வுதான் அதற்கு உலகம். நகர்கிறது, தன்னைவிடச் சிறியது என்றால் அது இரை. நகர்கிறது, பெரியது என்றால் அது ஆபத்து. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிலந்தி தரையைத் தட்டித் தட்டித் தான் யாரென்று பெண்ணுக்குத் தெரிவித்த பிறகுதான் அருகில் போகிறது. அப்படிப் போயும் சில சமயம் உயிரோடு திரும்புவதில்லை.

டரான்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ எல்லாமே ஒரு வளையில் ஒன்று என்று வாழ்கிறவை. முட்டைப் பையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் முதலில் சில வாரங்களோ மாதங்களோ தாயின் வளையில் ஒன்றாக இருக்கும். அந்தச் சமயத்தில் ஒன்றையொன்று தின்னாது. அதன் பிறகு பசியும் அளவும் மாறும்போது, அந்தப் பொறுமை போய்விடும், ஒவ்வொன்றும் தன் வழியே கிளம்பும். காட்டில் கிளம்பிப் போக இடம் இருக்கிறது. உங்கள் பெட்டியில் நான்கு கண்ணாடிச் சுவர் இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைச் சண்டை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை நடப்பது அபூர்வம். முதலில் நடப்பது சாப்பாட்டில் ஏற்றத்தாழ்வு. ஆறு குஞ்சு விட்டால், இரண்டு முந்திக்கொண்டு தின்னும், இரண்டு மிச்சத்தைத் தின்னும், மற்றவை மூலையில் ஒடுங்கும். தின்றது வளரும், ஒடுங்கியது அப்படியே நிற்கும். சில மாதங்களில் ஒரே முட்டைப் பையில் பிறந்தவற்றுக்குள்ளேயே அளவில் பெரிய வித்தியாசம் வந்துவிடும். அடுத்தது தோலுரிப்பு. டரான்டுலா மல்லாந்து படுத்து, பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவி எடுக்கிறது. சிறியதற்குச் சில நிமிடங்களில் முடியும், பெரியதற்குப் பல மணி நேரம் ஆகும். முடிந்த பிறகும் உடம்பு மெத்தென்று இருக்கும், கடிபற்கள் வெள்ளையாக, கடினப்படாமல், நாள்கணக்கில் பயன்படாமல் இருக்கும். அந்த நிலையில் ஒரு வெட்டுக்கிளியே அதைக் கடித்துக் கொன்றுவிடலாம். அதனால்தான் தோலுரிக்கப்போகும் சிலந்தியின் பெட்டியில் உயிருள்ள இரையை விட்டுவைக்கக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். வெட்டுக்கிளியை எடுத்துவிட்டு, பசியோடு இருக்கும் இன்னொரு டரான்டுலாவை அருகிலேயே விட்டுவைப்பதில் என்ன நியாயம்?

காலையில் பெட்டியைப் பார்க்கும்போது ஆறு ஐந்தாகியிருக்கும். ஒரு கால் துண்டு கிடக்கும், அல்லது அதுவும் கிடக்காது. பெண் டரான்டுலா நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து வருடம், சில இனங்களில் இருபது வருடம்கூட வாழும். அத்தனை ஆயுளை ஒரு பெட்டியின் அழகுக்காகக் கொடுத்துவிடுகிறோம்.

"பால்ஃபௌரி கூட்டமாக வாழ்கிறதே" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபௌரி என்ற நீலக்கால் சிலந்தி ஏமன் நாட்டுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவில் மட்டும் இருப்பது. தாவரங்களைச் சேகரிக்க 1880இல் அந்தத் தீவுக்குப் போன ஐசக் பெய்லி பால்ஃபர் என்ற தாவரவியலாளரின் பெயரைத் தாங்கியது. ஒரே முட்டைப் பையில் பிறந்தவற்றைப் பிரிக்காமல் வளர்த்தால் பெரியவையான பிறகும் இவை ஒரே வலையில் இருக்கும். குஞ்சுகள் இருக்கும் இடத்துக்குத் தாய் இரையைக் கொண்டுவந்து போடுவதையும் வளர்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை, வியக்கிறேன். ஆனால் ஆயிரத்தில் ஒன்றின் குணத்தை வைத்து மற்ற இனங்களைப் பெட்டியில் அடைக்க முடியாது. அந்த ஒன்றிலும், உடன்பிறப்புகளாக இல்லாமல் கடையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்கிச் சேர்த்தால் கதை வேறு. ஐந்து உயிரோடு இருக்கும் பெட்டியைப் படம் பிடித்துக் காட்டுகிறவர்கள், ஆரம்பத்தில் எத்தனை விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிறவர்கள் குறைவு.

அடுத்து நீங்கள் சொல்வது போசிலோதீரியாவை. மரப்பொந்தில் வாழும், சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாகக் கோலம் போட்டது போன்ற உடம்புள்ள பெரிய சிலந்திகள். கூட்டு வளர்ப்பில் இரண்டாவதாகப் பேர் வாங்கியவை இவைதான். இவற்றைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது, ஏனென்றால் இவை நம் சொந்தக்காரர்கள்.

போசிலோதீரியா உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ரெஜினால்ட் போகாக் 1890களில் இந்தச் சிலந்திகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் வைத்தார். அவை கிடைத்த ஊர்களைப் பாருங்கள். 1899இல் அவர் பெயரிட்ட ரெகாலிஸ் கிடைத்தது அரக்கோணத்தில். ஃபோர்மோசா சேலம் பக்கத்தில். ஸ்ட்ரையாட்டா மைசூர்ப் பகுதியில். தங்கம் எடுக்க வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் பாட்டன் பூட்டன் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்த அதே காலம் அது. அரக்கோணத்துப் புளியமரத்தடியில் அவர்கள் கட்டுச்சோறு தின்றபோது தலைக்கு மேல் பொந்தில் இந்தச் சிலந்தி இருந்திருக்கலாம்.

மெட்டாலிக்கா என்ற நீலச் சிலந்தியையும் 1899இல் போகாக்தான் விவரித்தார். ஆந்திராவில் குண்டக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள குத்தி என்ற ரயில் ஊரில், ரயில்வேயின் மரக்கட்டைக் கிடங்கில் அது கிடைத்தது. அதன்பின் நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையில் உள்ள காட்டில் 2001இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். நம் சுரங்கத்தை மூடிய வருடம் அது. ஒரு சின்னக் காட்டுத் துண்டில் மிஞ்சியிருக்கும் அதை, அழிவின் விளிம்பில் உள்ள உயிர் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. காட்டில் பிடித்த உயிர்களை வணிகத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப நம் சட்டம் இடம் தருவதில்லை. இருந்தும் மறு கண்டுபிடிப்புக்குப் பின் சில வருடங்களிலேயே மெட்டாலிக்கா ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. ராமேசுவரத்தில் உள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரால் 2004இல் பெயரிடப்பட்ட இனத்துக்கும் இதே ஆபத்துதான். அது வாழும் பழைய தோப்புகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன.

போசிலோதீரியாவின் தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் இருப்பது உண்மை. ஒரே மரத்தில் பல சிலந்திகளைப் பார்ப்பதும் உண்டு. ஆனால் பொந்துள்ள முதிய மரங்கள் குறைந்த இடத்தில், இருக்கிற ஒரு மரத்தில் ஒண்டிக்கொள்வதைக் கூட்டுக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். இலங்கையில் மாங்குளத்தில் போருக்குப் பின் நடந்த ஆய்வில், 2012இல் ராஜாயி என்ற புதிய இனத்தை ரணில் நாணயக்காரவும் அவருடன் இருந்தவர்களும் விவரித்தார்கள். ஆய்வுக்கு வழித்துணையாக இருந்த மைக்கேல் ராஜகுமார் பூராஜா என்ற காவல்துறை அதிகாரியின் பெயரை வைத்தார்கள். அந்தச் சிலந்தி பழைய மரங்களில் மட்டும் இல்லாமல் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் இருந்தது. மரம் போனால் அது மனிதர் கைவிட்ட கட்டடத்துக்கு வருகிறது. பாழடைந்த பங்களாக்களும் ஷாஃப்ட் கட்டடங்களும் நிறைந்த ஊரில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போசிலோதீரியாவின் கடி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க டரான்டுலாக்களைப் போல இவற்றுக்கு உதறும் அரிப்பு மயிர் கிடையாது, அதற்குப் பதில் வேகமும் விஷமும் இருக்கின்றன. உயிர் போவதில்லை. ஆனால் கடித்துச் சில மணி நேரம் கழித்து உடம்பு முழுக்கத் தசைப்பிடிப்பு வரலாம், நாள்கணக்கில் விட்டுவிட்டு வரலாம். 2014இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று உலகெங்கும் பதிவான கடிகளைத் தொகுத்து இதை உறுதி செய்தது. ஆறு சிலந்தி உள்ள பெட்டியின் மூடியைத் திறக்கும்போது நீங்கள் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருப்பீர்கள். மீதி ஐந்து எங்கே என்று தெரியாது. தங்கையோ அண்ணன் பிள்ளையோ அதே அறையில்தான் படுத்திருப்பார்கள்.

2021 ஜூலையில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிடித்த பார்சல் உங்களுக்கு நினைவிருக்கும். போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த தெர்மோகோல் பெட்டி. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள், 107. ஒவ்வொன்றிலும் ஒரு உயிருள்ள சிலந்தி. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த டரான்டுலாக்களாக இருக்கலாம் என்று விலங்கியல் ஆய்வகத்தாரும் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் சொன்னார்கள், பார்சல் போலந்துக்கே திருப்பி அனுப்ப ஒப்படைக்கப்பட்டது. அந்தச் செய்தியில் என்னை நிறுத்திய விவரம் அந்தக் குப்பிகளின் எண்ணிக்கை. 107 சிலந்திக்கு 107 குப்பி. கடத்துகிறவனுக்கு இடமும் எடையும் காசு, இருந்தும் இரண்டை ஒன்றாகப் போட அவன் துணியவில்லை. விற்கிறவனுக்குத் தெரிந்த அந்தச் செய்தி, வாங்குகிற பிள்ளைகளிடம் வந்து சேரும்போது எப்படியோ விட்டுப்போகிறது. ஆறு வாங்கினால் ஒரு பெட்டி போதும் என்று சொன்னால் ஆறு விற்கும் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த, அழியும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு போசிலோதீரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. மெக்சிகோவின் பிராக்கிபெல்மா அதற்கு முன்பே அதில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட நம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியல் உயிர்களுக்கென்று தனி அட்டவணை கொண்டுவந்தது. அப்படிப்பட்ட உயிரை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. ரசீது இல்லாமல், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் உங்களிடம் ஒன்று இருந்தால், பயந்துபோய்ச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் மெக்சிகோ டரான்டுலா ஒன்று அப்படித்தான் குடியேறி, இன்றுவரை போகவில்லை. கோலார் வனத்துறை அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நானும் வருகிறேன்.

இனிப் பிரிப்பது எப்படி என்பது. சிலந்தியின் கால்விரிப்பைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள பெட்டி ஒவ்வொன்றுக்கும் போதும். தரையில் வாழ்வதற்குத் தோண்ட ஆழமான மண் வேண்டும், பெட்டி உயரமாக இருந்தால் ஏறி விழுந்து வயிறு கிழியும். மரத்தில் வாழ்வதற்கு உயரமும் மரப்பட்டைத் துண்டும் வேண்டும். மளிகைக்கடைப் பிளாஸ்டிக் டப்பாவில் சூடான ஊசியால் துளை போட்டாலே குஞ்சுகளுக்குப் போதும், துளை சிலந்தியின் தலைப்பகுதியைவிடச் சிறியதாக இருக்கட்டும். பிரிக்கும்போது கையில் எடுக்க வேண்டாம். ஒரு கோப்பையை முன்னால் வைத்து, ஓவியம் வரையும் தூரிகையால் பின்காலை மெதுவாகத் தொட்டால் அதுவே உள்ளே போகும். மல்லாந்து கிடப்பதை அன்றைக்குத் தொடவே கூடாது. மற்றவற்றை வெளியே எடுத்துவிட்டு அதை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சிலந்திகள் சேர்ந்து வாழ்வதைப் பார்க்கும் ஆசையை நான் உங்களிடமிருந்து பறிக்க விரும்பவில்லை. அது நல்ல ஆசை. அதற்குச் சொகோத்ராவிலிருந்து எதையும் வரவழைக்கத் தேவையில்லை. பாலகாட்டைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் போகும் பாதைகளில், இலந்தை வேலியிலும் கருவேலத்திலும் உண்ணிச் செடியிலும், சாம்பல் நிறத்தில், ஸ்பாஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, காய்ந்த இலையும் பூச்சி இறக்கையும் ஒட்டிய ஒரு பந்து தொங்குவதைத் தேடிப் பாருங்கள். ஸ்டெகோடைஃபஸ் சாராசினோரம் என்ற கூட்டுச் சிலந்தியின் வீடு அது. உலகத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் உண்டு. வாழ்நாள் முழுக்கக் கூட்டமாக வாழ்பவை ஏறக்குறைய 25. அந்த இருபத்தைந்தில் ஒன்று நம் வேலியில் இருக்கிறது.

இதைப் பற்றி ஜம்புநாதன் என்ற தமிழர் எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1905இல் வெளியிட்டது. இன்று உலகம் முழுதும் இந்தச் சிலந்தியைப் படிக்கிறவர்கள் அவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்தச் சிலந்திக்காக ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்த ஊர்களில் ஒன்று குப்பம். நமக்குப் பக்கத்து ஊர், சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற ஊர். திருவனந்தபுரம் ஐசர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே கூடுகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒரு கூட்டில் சில பத்துகளிலிருந்து சில நூறு சிலந்தி வரை இருக்கும். பெரும்பாலும் பெண்கள். இருட்டத் தொடங்கினால் வெளியே வந்து வலையைச் சரிசெய்யும். ஒரு வெட்டுக்கிளி சிக்கினால் அதிர்வு கேட்டுப் பல ஓடிவந்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுக்கும், தனியொரு சிலந்தி நினைத்துப்பார்க்க முடியாத இரையையும் வீழ்த்தும், ஒன்றாக உட்கார்ந்து தின்னும். குஞ்சுகள் பிறந்தால் தாய் மட்டுமில்லாமல் முட்டையிடாத சித்திமாரும் தின்றதைக் கரைத்து ஊட்டுவார்கள். கடைசியில் அந்தப் பெரியவர்களின் உடம்பையே குஞ்சுகள் தின்று வளரும். சேர்ந்து வாழ்வதற்கு இந்தச் சிலந்தி கொடுக்கும் விலை அது. தலைமுறை தலைமுறையாகக் கூட்டுக்குள்ளேயே இனம் பெருக்கி, உறவுக்குள் உறவாகி, ஆண்கள் எண்ணிக்கை குறைந்து, உடம்பும் நடத்தையும் முழுக்க மாறிப்போய்த்தான் இந்த வாழ்க்கை அதற்கு வந்தது. பொந்தில் தனித்திருக்கவே பிறந்த ஒரு டரான்டுலாவிடம் இதை ஒரு பெட்டியும் நான்கு வெட்டுக்கிளியும் கொடுத்து வாங்கிவிட முடியாது.

கூட்டை வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். அது இருக்கும் இடத்தில், சிவப்புத் தாள் கட்டிய டார்ச்சோடு, பொழுது சாய்ந்தபின் போய் நில்லுங்கள். எந்தச் செடி, தரையிலிருந்து எத்தனை அடி, அக்கம்பக்கத்தில் எத்தனை கூடு, எந்த மாதம் குஞ்சு கண்ணில் பட்டது என்று நோட்டில் எழுதுங்கள். வேலி வெட்டும் விவசாயிகளிடம், இது கடித்து யாரையும் கொல்லாது, பயிருக்கு வரும் பூச்சியைத் தின்கிறது என்று தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லுங்கள். நம்மைவிடத் தமிழும் சேர்த்து அந்த மூன்று பாஷையும் ஒருசேரப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? வருகிற மழைக்குப் பிறகு பாலகாட்டிலிருந்து குப்பம் எல்லை வரை எத்தனை கூடு என்று ஒரு கணக்கு எடுக்கலாம் என்று எனக்கு எண்ணம். வருகிறவர்கள் சொல்லியனுப்புங்கள். அதற்கு முன்னால் உங்கள் பெட்டிகளைப் பிரித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
பாலகாட் லைனில் வசிக்கும் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்